வேப்பமரத்தடியில் நிற்பவர்களும் பாடவேண்டும்

பூசை முடிந்து வெளியில் வரும்போது "இண்டைக்குப் பாட்டு நல்லாயிருந்தது ரீச்சர்" என்று யாராவது சொன்னால், பாடகர் குழுவை நடத்துகிற எனக்கு உடனே சந்தோஷம் வந்துவிடாது. யார் பாடிய பாட்டு என்று திருப்பிக் கேட்கத் தோன்றும். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில்களில் ஆண்களில் ஒரு பகுதியினர் உள்ளே வரவே மாட்டார்கள். வேப்பமரத்தடியில், மோட்டார் சைக்கிளில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு முழுப் பூசையும் காண்பார்கள். வருகைப் பாடலின் பல்லவி இரண்டாம் தரம் வரும்போது நான் பார்ப்பது அந்த மரத்தடியைத்தான். அங்கே இரண்டு வாய் அசைந்தால் அன்றைய பாட்டுத் தெரிவு சரி. அசையாவிட்டால் குழு எவ்வளவு நன்றாகப் பாடியிருந்தாலும் எனக்குக் கணக்கில்லை.

எங்கள் பங்கு, அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த ஊர், பரந்தன் - முல்லைத்தீவு வீதியை அண்டிய ஒரு விவசாயக் கிராமம். யாழ்ப்பாண மறைமாவட்டத்துக்குள் வருகிறது. ஒரே வாங்கில் நான்கு ஊர்ச் சனம் இருக்கும். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள், 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து திரும்பிப் போகாமல் தங்கிவிட்டவர்கள், தீவுப்பகுதியார், மன்னார்ப் பக்கத்திலிருந்து கலியாணம் செய்து வந்தவர்கள். பாடகர் குழுவைப் பொறுப்பெடுத்தபோது எனக்கு முதலில் தலையிடி தந்தது குரலோ வாத்தியமோ இல்லை, இந்த நாலு ஊரும்தான். ஒரே மாதா பாட்டு, அதே சொற்கள், மூன்று மெட்டு. பல்லவியில் எல்லோரும் சேர்ந்து போவார்கள். சரணம் வந்ததும் மலையகத்து அம்மாமார் ஒரு பக்கம் இழுக்க, தீவார் இன்னொரு பக்கம் இழுக்க, நடுவில் கீபோர்ட் வாசிக்கிற பிள்ளை கையை எடுத்துவிடும்.

"சரியான" மெட்டு எது என்று தேடப் போனால் அது முடியாத வழக்கு. ஆளாளுக்கு ஒரு பழைய பாட்டுக் கொப்பி இருக்கும், அவரவர் ஊர்ச் சுவாமியார் சொல்லிக்கொடுத்த கதை இருக்கும். அதனால் ஒரு வழி செய்தோம். ஒவ்வொரு பாட்டுக்கும், எந்த மெட்டை அதிகம் பேர் கொப்பி பார்க்காமல் பாடுகிறார்களோ அந்த மெட்டு. மாதா பாட்டுகளில் பல மன்னார் மெட்டுக்குப் போயின. மடு மாதா கோயிலுக்கு ஆடி 2ஆம் திகதித் திருவிழாவுக்கோ ஆவணி 15ஆம் திகதித் திருவிழாவுக்கோ போகாத குடும்பம் எங்களுக்குள் குறைவு. அங்கே காட்டுக்குள் கொட்டில் போட்டுத் தங்கியிருந்து பாடிப் பாடி அந்த மெட்டுகள் எல்லா ஊராருக்கும் பழகியிருந்தன. தவக்காலப் பாட்டுகள் யாழ்ப்பாணத்து மெட்டிலேயே நின்றன. கைதட்டிப் பாடுகிற நன்றிப் பாட்டுகளை மலையகத்தாரிடமே விட்டுவிட்டோம். அவர்களின் தாளக்கட்டு எங்களுக்கு வராது.

புதிதாகக் குழுவைப் பொறுப்பெடுக்கிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். ஆறு மாதத்துக்குப் புதுப்பாட்டு ஒன்றும் பழக்கவேண்டாம். சனம் என்ன பாடுகிறது, எந்த மெட்டில், எந்த வேகத்தில் பாடுகிறது என்று கேட்டுக்கொண்டே இருங்கள். சாவீட்டில், செபமாலையில், வீட்டு ஆசீர்வாதத்தில், வாத்தியம் இல்லாத இடங்களில் போய்க் கேளுங்கள். உண்மையான பட்டியல் அங்கேதான் கிடைக்கும்.

அடுத்தது சுருதி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் சனம் பாடாமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் முடிவு.

இப்போது பிள்ளைகள் பாட்டுப் பழகுவது யூடியூபில். அங்கே பாடியிருப்பவர்கள் தேர்ந்த மேடைப் பாடகர்கள். அவர்கள் எடுத்த சுருதியிலேயே இவர்களும் எடுப்பார்கள். குழுவில் உள்ள உயர்தரம் படிக்கிற பிள்ளைகளுக்கு அது எட்டும். ஐம்பது வயது விவசாயிக்கு எட்டாது. அவர் முதல் வரியில் சேர்வார், இரண்டாம் வரியில் தொண்டை இறுகும், அனுபல்லவியில் வாயை மூடிவிடுவார். பிறகு அந்தப் பாட்டு அவருக்கு "குழுப் பாட்டு" ஆகிவிடும், வாழ்நாளில் சேரமாட்டார். ஆகவே எங்கள் வழக்கம் இது. பாட்டின் மிக உயர்ந்த சுரம் எது என்று முதலில் கண்டுபிடிப்போம். அது கீபோர்டில் நடு 'சி'க்கு ஒரு ஸ்தாயி மேலே உள்ள 'சி'யை அடுத்து வருகிற 'டி'யைத் தாண்டாதபடி முழுப் பாட்டையும் இறக்குவோம். ஆண்கள் அதையே ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள். காலை ஆறு மணிப் பூசையென்றால் இன்னும் அரைச் சுரம் கீழே. தொண்டை அந்நேரம் நித்திரையால் எழும்பியிராது. கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கிறது, ஆர்மோனியமென்றால் கட்டையை மாற்றிப் பிடிக்கவேண்டும், அவ்வளவுதான். இறக்கினால் பாட்டின் "எடுப்பு" போய்விடும் என்று குழுவில் நன்றாகப் பாடுகிற பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். போகும்தான். போனாலும் நூறு பேர் சேர்ந்து பாடினால் அதற்கு வேறொரு எடுப்பு வரும், அதை மேடைப் பாடகரால் தரமுடியாது.

இது என் சொந்த அடம் இல்லை. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில் இசைக்கென்று தனி அதிகாரமே இருக்கிறது. அதில் 114ஆம் பிரிவு பாடகர் குழுக்களை வளர்க்கச் சொல்கிறது, அதே மூச்சில் மக்கள் தங்களுக்குரிய பகுதியைப் பாடுவதற்கும் வழி செய்யச் சொல்கிறது. 119ஆம் பிரிவு, மறைபரப்பு நாடுகளில் அந்தந்த மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்பும் இடமும் கொடுக்கவேண்டும் என்கிறது. புதிதாக யாராவது குழுவில் சேர்ந்தால் இந்த இரண்டையும் வாசித்துக் காட்டுவேன். முதலாவது, பாட்டை நாங்கள் சொந்தமாக்கிக்கொள்ளாமல் இருப்பதற்கு. இரண்டாவது, குழுவில் இருக்கிற அந்தக் கூத்துக்காரப் பெரியவரைப் பார்த்து ஒருவரும் சிரிக்காமல் இருப்பதற்கு.

அவரைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. மன்னார்ப் பெருநிலத்தில் பிறந்தவர். இளமையில் அண்ணாவியாரிடம் கூத்துப் பழகியவர். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் கூத்தில் யாழ்ப்பாணப் பாங்கு, மாதோட்டப் பாங்கு என்று இரண்டு உண்டு. இவர் மாதோட்டப் பாங்குக்காரர். மைக் இல்லாமல் வெளிக்களத்தில் விடிய விடியப் பாடிய குரல் அது. சுருதிப்பெட்டிக்கும் கீபோர்டுக்கும் அது அடங்காது. சில பெடியள் அவரைக் குழுவிலிருந்து மெல்ல விலக்கப் பார்த்தார்கள். நான் அவரைப் பாடகர் இடத்திலிருந்து எடுத்துச் சனத்தின் நடுவில், நான்காம் வாங்கில் இருத்தினேன். பல்லவி அங்கேயிருந்து கிளம்பினால் சுற்றியிருக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்துவிடுவார்கள். குழுவில் உரத்த குரல் இருந்தால் இப்படிச் செய்து பாருங்கள். முன்னுக்கு நின்றால் உறுத்துகிற குரல் நடுவில் இருந்தால் மற்றவர்களை இழுத்துக்கொண்டு வரும்.

மார்கழி மாதத்தில் இன்னொரு சிக்கல் வரும், இதை வெளியூரார் நம்பமாட்டார்கள். எங்கள் கோயிலுக்குத் தகரக் கூரை. வடகீழ்ப் பருவமழை கொட்டுகிற நேரத்தில்தான் நத்தாரும் வரும். மழை தகரத்தில் விழத் தொடங்கினால் பக்கத்தில் நிற்கிறவர் பாடுவதே கேட்காது. அப்போது ஒலிபெருக்கியைக் கூட்டினால் இரைச்சலோடு இரைச்சலாகத்தான் போகும். அந்த நேரத்தில் கை கொடுப்பது தாளம். மிருதங்கமோ டோலக்கோ எதுவும் இரைச்சலை ஊடறுத்துக் கேட்கும். ஒருவர் ஒரு வரி பாட, சனம் அதே வரியைத் திருப்பிப் பாடுகிற வகைப் பாட்டுகளை மழைக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறோம். மிருதங்கம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு: ஈரக்காற்றில் தோல் தளர்ந்துவிடும், பூசைக்கு முதல் சற்று நேரம் மேசை விளக்கின் சூட்டில் வைத்து எடுங்கள். ஆர்மோனியத்தின் துருத்தித் துணியை எலி கடிக்கும், பூச்சி உருண்டை போட்டு மூடிவையுங்கள். கீபோர்டுக்குள் எறும்பு குடியிருக்கும், வருடத்தில் ஒருதரமாவது கழற்றித் துப்புரவாக்கவேண்டும்.

ஆர்மோனியத்தை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. வன்னியில் வளர்ந்தவர்கள் கேட்கமாட்டார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் இங்கே மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரிகூட வராது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம். கோயிலில் பெற்றோமாக்ஸ் வெளிச்சம், அப்பாவின் ஆர்மோனியம், அவ்வளவுதான். பிறகு 2008 கடைசியிலும் 2009 தொடக்கத்திலும் போருக்குத் தப்பி ஓடியபோது ஆர்மோனியத்தை ஒருவரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. பாட்டுப் புத்தகமும் போகவில்லை. செட்டிகுளம் முகாம்களில் கூடாரத்துக்குள் பூசை வைத்தபோது சனத்திடம் இருந்தது மனதில் கிடந்த பாட்டுகள் மட்டும். அங்கே எந்தெந்தப் பாட்டு வாயில் வந்தது என்று பிற்பாடு யோசித்துப் பார்த்தேன். போட்டிகளுக்காகப் பழகிய நாலு குரல் பாட்டு ஒன்றும் வரவில்லை. அம்மம்மா செபமாலைக்குப் பிறகு பாடுகிற பாட்டு வந்தது, பல்லவி நாலு வரிக்குள் முடிகிற பாட்டுகள் வந்தன, "இரக்கமாயிரும்" என்று முடிகிற மன்றாட்டுமாலை வந்தது.

இதனால் எங்கள் பழக்கம் மாறியது. ஒரு வழிபாட்டுக் காலத்துக்கு இரண்டே இரண்டு புதுப்பாட்டு. ஒவ்வொன்றையும் நாலைந்து ஞாயிறு தொடர்ந்து பாடுவோம், பூசைக்கு முதல் பத்து நிமிடம் சனத்துக்குச் சொல்லிக்கொடுப்போம். திரையில் சொற்களைப் போட ஒரு ப்ரொஜெக்டர் இருக்கிறது. மூன்றாம் ஞாயிறு பல்லவியைத் திரையில் போடமாட்டோம். முதலில் முணுமுணுத்தார்கள், இப்போது பழகிவிட்டது. அண்ணாந்து திரையைப் பார்க்கிறவரைவிட, சொல்லை மனதில் வைத்திருக்கிறவர் நன்றாகப் பாடுவார். இதை நீங்களும் சோதித்துப் பார்க்கலாம், ஒரு ஞாயிறு கரண்ட் போனால் தெரிந்துவிடும்.

பதிலுரைப் பாடலைப் பற்றிச் சுருக்கமாக. அது திருப்பாடல், வாசகத்தின் ஒரு பகுதி. அந்த இடத்தில் வேறு பாட்டைப் பாடக்கூடாது என்று திருப்பலி நூலின் பொதுவிதிகளே சொல்கின்றன. ஆனாலும் பல இடங்களில் நேரம் போகிறது என்று "தியானப் பாடல்" ஒன்றைப் போட்டு நிரப்பிவிடுகிறார்கள். "உன்னதங்களிலே" பாட்டுக்கும் இதே கதிதான், சொல்லை மாற்றி விருப்பமான மெட்டில் ஒன்று. மெட்டு வேண்டுமானால் புதிதாக இருக்கட்டும், சொல் திருப்பலி நூலில் உள்ளபடிதான் இருக்கவேண்டும். பதிலுரைக்கு எங்களிடம் மூன்றே மூன்று எளிய மெட்டு உண்டு, எந்தத் திருப்பாடலும் அவற்றில் ஒன்றுக்குள் அடங்கிவிடும்.

தவக்காலம் வந்தால் கீபோர்ட் வாசிக்கிற பிள்ளைகளுக்கு வெறுப்பு வரும். அந்தக் காலத்தில் வாத்தியம் பாட்டைத் தாங்குவதற்கு மட்டும். தனியாக வாசிப்பது, இடையிசை எல்லாம் இல்லை. நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் விலக்கு. பெரிய வியாழன் "உன்னதங்களிலே" பாடி மணி அடித்ததோடு மணிக்கு ஓய்வு, பாஸ்காத் திருவிழிப்பு வரைக்கும் மரச்சட்டம் தட்டுவார்கள். இந்த வெறுமையை இளம் வாத்தியக்காரர்கள் தண்டனை மாதிரி எடுத்துக்கொள்வார்கள். நான் இதை வாய்ப்பாக எடுக்கச் சொல்வேன். தவக்காலம் ஒன்றுதான் வருடத்தில் எங்கள் சனம் தன் குரலைத் தானே கேட்கிற காலம். இயேசுவின் பாடுகளைச் சொல்கிற வியாகுலப் பிரசங்கத்தை இராகத்தோடு வாசிக்கிற இரண்டு பெரியம்மாமார் எங்கள் பங்கில் இருக்கிறார்கள். 1705இல் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்து 1742இல் இங்கேயே இறந்த யாகோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதியது அது. முந்நூறு வருடத்துக்குக் கிட்ட வாய்வழியாக வந்த அந்த இராகத்துக்குக் கீழே ஒரு பெடியன் மெல்லிய ஸ்ட்ரிங்ஸ் போட்டுப் பார்த்தான். பெரியம்மா வாசிப்பை நிறுத்திவிட்டு, "தம்பி, அது என்னத்துக்கு அழுகுது?" என்று கேட்டார். அதன் பிறகு ஒருவரும் போடவில்லை. அவர்களுக்கு நாங்கள் செய்த ஒரே உதவி, எழுத்தைப் பெரிதாக்கிப் பிரதி எடுத்துக் கொடுத்ததுதான்.

கீபோர்டில் தானாக ஓடுகிற ஸ்டைல் பற்றியும் ஒரு வார்த்தை. கலியாண வீட்டுக்கு அது சரி. பூசையில் தாளம் சனத்தின் மூச்சுக்கு நிற்கவேண்டும், மெஷின் யாருக்கும் நிற்காது. வயோதிபர்கள் வரி முடிவில் மூச்செடுக்கும்போது அது அடுத்த வரிக்குப் போய்விடும். எங்கள் குழுவில் ஸ்டைல் போடுவதில்லை, கரோலுக்கு மட்டும் விலக்கு. கரோலில் பெடியளைத் தடுத்தால் குழுவே இருக்காது.

ஒலிபெருக்கி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு புலம்பெயர்ந்த உறவுகள் கோயில்களுக்கு நிறைய உதவினார்கள். நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் வந்தவற்றில் பல, ஆயிரம் பேர் கூடுகிற மண்டபத்துக்கான பொக்ஸ்கள். எங்கள் கோயிலிலோ எட்டு வாங்கு. அதைப் போட்டால் குழுவின் ஆறு மைக்கும் சேர்ந்து சனத்தின் குரலை அடித்துப்போடும். தன் குரல் தனக்கே கேட்காத இடத்தில் யாரும் பாடமாட்டார்கள். எங்கள் ஏற்பாடு இப்போது ஒரே ஒரு மைக். சரணம் பாடுகிறவருக்கு மட்டும். பல்லவி வந்ததும் அவர் மைக்கிலிருந்து ஒரு அடி பின்னுக்குப் போகவேண்டும். இதைப் பழக்குவதற்குத்தான் அதிக நாள் எடுத்தது. மைக்கை விட்டுப் பின்னுக்குப் போவது பாடகர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று குழு நடத்தியவர்களுக்குத் தெரியும். உதவி செய்ய விரும்புகிற வெளிநாட்டு உறவுகளுக்கு: அடுத்ததரம் பொக்ஸ் வேண்டாம், ஒரு பிள்ளை கிளிநொச்சிக்குப் போய் ஒரு வருடம் இசை பழக பஸ் காசும் பாடக் காசும் அனுப்புங்கள்.

இனி, எங்கள் பாடகர் குழுவின் மிகப் பெரிய வேலை. அது ஞாயிறு பூசையில்லை, செத்தவீடு. வீட்டிலிருந்து கோயிலுக்கும் கோயிலிலிருந்து சேமக்காலைக்கும் நடக்கும்போது கூடப் பாடிக்கொண்டு போவது. கையில் வாத்தியம் இருக்காது, வெயில், புழுதி. அங்கே புதுப்பாட்டுப் பாடுவது பாவம் என்றே சொல்வேன். செத்தவர் விரும்பிப் பாடிய பாட்டு எது என்று குடும்பத்தில் ஒருவரிடம் மெல்லக் கேட்டுவிடுவோம். பெரும்பாலும் அது எங்கள் பட்டியலில் இருக்கும், இல்லாவிட்டால் ராத்திரியே பழகிவிடுவோம். அழுகை உச்சத்தில் இருக்கும்போது பாடி அதை மூடக்கூடாது. ஒப்பாரி சொல்கிற பெண்கள் இருக்கிற வீட்டில் அவர்களுக்கு இடம் விட்டு, அவர்கள் மூச்சுவிடுகிற இடத்தில் நாங்கள் பல்லவியைத் தொடங்குவோம். இதற்குக் காது வேண்டும், குரல் இரண்டாவது.

2009இல் போர் முடிந்த நாளான மே 18 இதைவிடக் கஷ்டம். எங்கள் பங்கில் அந்த நாளில் இறந்தவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்போம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மாரும் வருவார்கள். பிள்ளையை இறந்தவர்கள் பட்டியலில் சேர்க்க அவர்கள் சம்மதித்ததில்லை. இதில் வழிபாட்டு ஒழுங்கும் ஒரு பக்கம் இடிக்கும். மே 18 பெரும்பாலும் பாஸ்கா காலத்துக்குள் வரும். அல்லேலூயாவும் உயிர்ப்புப் பாட்டுகளும் பாடவேண்டிய காலம். முன்னால் அந்தத் தாய்மார் இருக்க, டோலக்கோடு உயிர்ப்புப் பாட்டு எப்படிப் பாடுவது? தலையை உடைத்துக்கொண்டு, பங்குத்தந்தையோடும் பேசி, ஒரு முறைக்கு வந்தோம். வாத்தியமே இல்லை. அல்லேலூயா உண்டு, அதை மிக எளிய மெட்டில், ஒரு தனிக்குரலோடு தொடங்குவோம். வருகைக்கும் திருவிருந்துக்கும் திருப்பாடல்கள். "நித்திய இளைப்பாற்றி" என்கிற வகையில் வருகிற பாட்டுகளை அந்தப் பூசையில் தொடுவதில்லை, அந்தத் தாய்மாருக்காக. இறுதிப் பாடல் இல்லை. பூசை முடிந்ததும் சனம் தானாக மெழுகுதிரி ஏற்றப் போகும், அங்கே பாட்டுத் தேவையில்லை.

ஒருமுறை தியானம் கொடுக்க வந்த ஒருவர் பாடகர் குழுவை உற்சாகப்படுத்த இரண்டாம் குறிப்பேட்டிலிருந்து யோசபாத்து மன்னரின் கதையைச் சொன்னார். படைக்கு முன்னால் பாடகர்களை நடக்கவிட்ட கதை. வேறு ஊரில் கைதட்டல் விழுந்திருக்கும். எங்கள் சனம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தது. படைக்கு முன்னால் யார் யார் நடக்க வைக்கப்பட்டார்கள் என்று அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் ஒரு சொந்தக் கதை இருந்தது. பைபிளில் பாடகர்களைப் பற்றி எத்தனையோ இடம் இருக்கிறது. பாபிலோனின் ஆற்றங்கரையில் யாழை மரத்தில் தொங்கவிட்டவர்களைப் பற்றிய 137ஆம் திருப்பாடலை அவர் எடுத்திருந்தால் ஒரு மணி நேரம் கேட்டிருப்பார்கள்.

எனக்குப் பிடித்த பாடகர் வசனம் நெகேமியா 13:10. லேவியருக்கும் பாடகருக்கும் சேரவேண்டிய பங்கு கொடுபடாததால் அவர்கள் ஆலயத்தை விட்டுத் தங்கள் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போனார்கள் என்று அதில் வருகிறது. தையிலும் மாசியிலும் காலபோக அறுவடை நேரத்தில் என் குழுவைப் பார்த்தால் நெகேமியா எழுதியது எங்களைப் பற்றித்தானோ என்று நினைப்பீர்கள். வெட்டு மெஷின் வயலில் இறங்குகிற நாள் எங்கள் கையில் இல்லை, அது வந்தால் ஆண்கள் எல்லோரும் வயலில். அந்த இரண்டு மாதத்துக்கும் ஒத்திகையை நிறுத்திவிடுவோம், பழைய பாட்டு மட்டும். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் திறந்து சிறுபோகம் தொடங்குகிற நாட்களிலும் அப்படித்தான். வயலை மறந்து ஒத்திகைக்கு வா என்று சொல்கிற குழுத்தலைவருக்கு வன்னியில் குழு இருக்காது.

பங்கு கொடுபடாதது பற்றியும் பேசத்தான் வேண்டும். திருவிழாக் காலத்தில் ரவுணிலிருந்து கீபோர்ட் வாசிக்க ஒரு தம்பி வருவார். கலியாணம், பாடசாலை ஒளிவிழா என்று வாசித்துத்தான் அவர் குடும்பம் நடக்கிறது. ஒரு கூட்டத்தில் "கடவுளின்ர வேலைக்குக் காசு கேக்கலாமோ" என்று ஒருவர் கேட்டார். பந்தல்காரருக்குக் கொடுக்கிறோம், லைட்காரருக்குக் கொடுக்கிறோம், பட்டாசுக்கும் கொடுக்கிறோம். எங்கள் மூப்பர் எழும்பி அந்த நெகேமியா வசனத்தை வாசித்துவிட்டு இருந்துவிட்டார், பேச்சு முடிந்தது. இப்போது வைத்திருக்கிற ஒழுங்கு இதுதான்: இசையால் பிழைக்கிறவருக்குப் பேசிய தொகை, பூசைக்கு முதல் கையில். பங்குக்குள் இருந்து சும்மா வாசிக்கிற பிள்ளைகளுக்கு எண்ணெய்க் காசும் சாப்பாடும். பாடுகிறவர்களுக்கு ஒன்றும் இல்லை, வருடத்தில் ஒருதரம் மடுவுக்கு வான் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவோம். காசு பற்றிய பேச்சை ஒருநாள் வெளிப்படையாகப் பேசி எழுதிவைத்துவிட்டால் பிறகு மனத்தாங்கல் வராது.

ஒத்திகை நேரத்தையும் எழுதிவைத்திருக்கிறோம். பிந்திப் பின்னேரம் வைப்பதில்லை. காட்டோரத்தால் வருகிற பிள்ளைகளுக்கு யானைப் பயம், பெண்பிள்ளைகளின் தாய்மாருக்கு வேறு பயங்கள். ஞாயிறு பூசை முடிந்து ஒரு மணி நேரம், தேத்தண்ணியோடு. குழுவுக்குள் சண்டை வருவதும் பெரும்பாலும் இந்த ஒத்திகைகளில்தான், யாருக்குத் தனிக்குரல் என்று. அதற்கு மருந்தாகத் தனிக்குரலை மாதத்துக்கு ஒருவர் என்று பெயர் வரிசைப்படி வைத்தோம். சிலர் நன்றாகப் பாடமாட்டார்கள்தான். சுமாராகப் பாடுகிறவர் தனியாகப் பாடும் மாதத்தில் சனம் கூடச் சேர்ந்து பாடுவதைக் கவனித்திருக்கிறேன், பாவம் பிள்ளை என்று தூக்கிவிடுகிறார்கள் போல.

மிச்சம் இருக்கிற கவலை ஆள் நிற்காததுதான். உயர்தரம் முடிந்ததும் கம்பஸ், கொழும்பு, வெளிநாடு என்று போய்விடுவார்கள். நன்றாக வாசிக்கிற ஒருவரை நம்பிக் குழு நடத்தினால் அவர் போகிற நாளில் குழுவும் போய்விடும். ஆகவே எந்த நேரத்திலும் தரம் எட்டில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டிருக்கவேண்டும், பெரியவர்கள் வாசிக்கிற பூசையிலேயே அவர்களுக்கும் ஒரு பாட்டு விடவேண்டும். இந்த வருடம் இரண்டு பேரும் பெண்பிள்ளைகள். ஒருத்தி நன்றாகப் பிடித்துக்கொண்டாள். மற்றவளுக்கு இடது கை இன்னும் சேரவில்லை. பரவாயில்லை, பதிலுரைப் பாடலுக்கு வலது கை போதும் என்று சொல்லி வரப்போகிற ஞாயிறு அதை அவளிடம் கொடுத்திருக்கிறேன்.